போத்தல்

மல்லாவி ஆசுப்பத்திரி, புதன் கிளினிக்.
என்ர இலக்கம் எழுபத்து நாலு.
கிரியாட்டினின் என்று ஒரு சொல்லைக்
கொப்பியில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார் டொக்டர்.
"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பியள்?"

அடைவு வட்டி, உர மானியம்,
செத்த ஆக்களின் திவசத் திதி
எல்லாம் நாக்கு நுனியில் நிக்கும் எனக்கு.
இதற்குக் கணக்கு இருக்கவில்லை.
"தாகம் வந்தால் குடிப்பன்" என்றேன்.
தாகம் வருமோ என்று அவர் கேட்கவில்லை.

வராது.
வராமல் பழக்கி எடுத்தது நான்தான்.

பன்னிரண்டு வயதில் தொடங்கினது.
பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குக் கதவு இருந்தது,
கொக்கி இல்லை.
உள்ளே ஒருத்தி போனால்
வெளியே ஒருத்தி பிடிக்க வேணும்.
பிடித்தவள் ஒருநாள் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டு ஓடினாள்.
சுகிர்தமலர். இப்ப நோர்வேயில்.
என்ர பிறந்தநாளுக்கு முகநூலில் கேக் படம் போடுவாள்.
அன்றிலிருந்து காலமை அரைக் கோப்பை தேத்தண்ணி,
பிறகு இரண்டு மணி மட்டும்
என்ர எச்சில்தான்.

இருபத்தாறில் கிளிநொச்சியை விட்டு வந்து
அக்கராயன் பக்கம் ஒரு பாலை மரத்தடி.
ஆம்பிளையள் மரத்துக்கு அந்தப் பக்கம் போவினம்.
எங்களுக்கு இருட்ட வேணும்.
பங்குனி வெயில் போக மனமில்லாமல் நிக்கும்.
அஞ்சு பொம்பிளையள் ஒருவரோடு ஒருவர் பேசாமல்
மேற்கையே பார்த்துக்கொண்டிருப்போம்.
பார்த்தவர்கள் கும்பிடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

முப்பத்தொன்பதில் முகாம்.
அதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள்.
நான் வரிசையை மட்டும் சொல்கிறேன்.
தண்ணிக்கு ஒரு வரிசை,
தண்ணி போக ஒரு வரிசை.
இரண்டாவது நீளம்.
ஆகவே முதலாவதில் நிற்பதைக் குறைத்தேன்.

பிறகு தையல் தொழிற்சாலை.
நாற்பது பேருக்கு ஒரு மஞ்சள் அட்டை,
கழுத்தில் மாட்டிக்கொண்டு போகலாம், ஆறு நிமிஷம்.
அந்த அட்டை என்ர கழுத்தில் ஏறினதே இல்லை.
வருஷக் கடைசியில் மேடைக்குக் கூப்பிட்டுப்
பரிசு தந்தார்கள்:
ஒரு ஜக்கும் ஆறு கிளாசும்.

இப்ப வீட்டுத்திட்டத்து வீடு.
கிணறு பத்தடியில். கக்கூஸ் உள்ளுக்கே,
நீலக் கதவு, தாழ்ப்பாள் இரண்டு.
(இரண்டாவதைப் பூட்டினது நான். அவருக்குச் சிரிப்பு.)
ஆனால் நாங்கள் இடம் மாறினதை
நாக்குக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

"தண்ணி மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டன்" என்றார் டொக்டர்.
"பிரஷரும் இருக்கு. ஆனால் ஐம்பத்தைஞ்சுக்கு
இந்தச் சிறுநீரகம் கொஞ்சம் கிழடு."

ஒன்றரை லீட்டர் போத்தலில்
நகப்பூச்சால் கோடு கீறினேன்.
ஏழு, பத்து, ஒன்று, நாலு.
முதல்நாள் பத்து மணிக் கோட்டோடு வயிறு முட்டி
மிச்சத்தைக் கத்தரிக்கு ஊற்றினேன்.
கத்தரி நல்லாய் இருக்கு.
மூன்று கிழமையில் ஒரு மணிக் கோடு மட்டும் வந்திருக்கிறேன்.
இரவில் இரண்டு தரம் எழும்ப வேண்டிக்கிடக்கு.
எழும்பும்போதெல்லாம் எல்லா லைற்றையும் போடுகிறேன்.

நேற்று ஆரபியின் பள்ளிக்கூடப் பை கழுவ எடுத்தேன்.
கடைசிப் பிள்ளை, பதின்மூன்று வயது.
ஊதாப் போத்தல்
காலமை நான் நிரப்பினபடியே,
விளிம்பு மட்டும்.
"ஏன் பிள்ளை" என்று வாய் எழும்பினது.
கேட்கவில்லை.
விடையை வைத்துக்கொண்டு என்னத்தைக் கேட்க?

இன்று வெள்ளி.
அதிபருக்குக் கூட்டமாம், கேற்றில் மறித்துவிட்டார்கள்.
நிற்கிறேன்.
பையில் இரண்டு கொக்கி, எட்டு ஆணி,
அவருடைய பழைய திருப்புளி, என்ர போத்தல்.
பத்து மணி தாண்டுது.
வாகை நிழலில் நின்று கோடு மட்டும் குடித்தேன்,
பிறகு இன்னும் இரண்டு மிடறு.

கேற்றுக்காரப் பொடியனிடம் கேட்டேன்:
"தம்பி, இஞ்ச பொம்பிளையளுக்குப் பாத்ரூம் எங்க?"